சார்லஸ் என்ற கோப்பு

காபி கரித்தது.

பிரிசில்லா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டுப் பார்த்தாள். இனித்தது. டிகாக்‌ஷனை விரலால் தொட்டு நக்கினாள். கசந்தது. மிச்சம் இருப்பது பால். ஆடை கட்டி அமைதியாகக் கிடந்த பாலில் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டவள், விட்ட வேகத்தில் தொட்டியில் துப்பினாள். கெட்ட பாலின் புளிப்பு இல்லை. ஒரு பிடி கல்லுப்பை அள்ளிப் போட்டுக் காய்ச்சிய கரிப்பு, தொண்டை வரைக்கும். துப்பிய இடத்தில் வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியது. 

"ஏங்க, பால்ல உப்பு போட்டீங்களா?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சார்லஸ் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். "நான் எதுக்குடி பால்ல உப்பு போடப் போறேன்? பாக்கெட்டே அப்படி வந்திருக்கும்."

"பாக்கெட் பால் உப்பாவா வரும்? கருமம், வாயெல்லாம் கரிக்குது."

"உப்புக் காத்து பிரிசி, உப்புக் காத்து. நாலு வருஷமா இங்க இருக்குற, இன்னும் உனக்குப் பழகல." சிரித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் புறப்பட்டான். அங்கே ஒரு மோட்டார் பம்ப் கடையில் அவனுக்கு வேலை. மரக்காணத்தில் எதைக் கேட்டாலும் காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டால் போதும், பதில் சொன்ன கணக்காகிவிடும்.

அவளுக்குப் பழகவில்லைதான். அவள் பிறந்த பொம்மையார்பாளையத்திலும் கடல் உண்டு, காற்று உண்டு. ஆனால் இந்தப் பிசுபிசுப்பு கிடையாது. ஈசிஆர் சாலையிலிருந்து இறங்கும் மண் பாதையின் கடைசி வீடு இது. சார்லஸின் அப்பா அந்தோணிதாஸ், கைவிட்ட உப்புப் பாத்தி ஒன்றை மண்ணடித்து மேடாக்கிக் கட்டியது. மூன்று பக்கமும் இன்னும் பாத்திகள்தான். கத்திரி வெயிலில் வாய்க்கால் சேறு காய்ந்து அழுகிய முட்டை நாற்றம் நாறும். செத்த பொடி மீன்களை வெயில் வறுக்கும். சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் செதில் செதிலாக உரியும். வாரத்துக்கு இரண்டு முறை துடைப்பத்தால் கூட்டி அள்ளுவாள், மறுநாள் திரும்பவும் பூத்திருக்கும். சீ, இது வீடா, சொறிபிடித்த உடம்பா என்று அவள் வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

அன்று புதன்கிழமை. பாலைக் கொட்டிவிட்டு, கொல்லைக் கதவருகில் இருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்தாள்.

தண்ணீரும் கரித்தது.

அதுவும் கேன் தண்ணீர். நேற்றுக் காலைதான் குடத்தில் ஊற்றினாள். இப்போது அதன் மேல் மெல்லிய ஏடு மிதந்தது. சொம்பு பட்டதும் ஏடு துண்டு துண்டாகி அடியில் இறங்கியது. கேனில் மிச்சமிருந்த தண்ணீரைக் கவிழ்த்துக் குடித்துப் பார்த்தாள். அது நல்ல தண்ணீராகவே இருந்தது.

குடத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் அத்தியாயத்தை அனுப்பியாக வேண்டும்.

பிரிசில்லாவின் வேலை கையேடு எழுதுவது. கம்ப்யூட்டர் கட்டளைகளுக்கு, அதுவும் தமிழில். இந்த முறை வந்தது பாதுகாப்பு லேபிள்கள் பற்றிய பகுதி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒரு லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். எந்த நிரல், அதாவது எந்தப் புரோகிராம், எந்தக் கோப்பைத் தொடலாம், எது தொடக் கூடாது என்பதை அந்த லேபிளை வைத்துத்தான் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். லேபிளை மாற்ற chcon என்று ஒரு கட்டளை. பழையபடி திருப்ப restorecon என்று இன்னொன்று. ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் போடும் எழுத்துகள் உண்டு. -R போட்டால் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பாயும். -v போட்டால் செய்ததை வரி வரியாகச் சொல்லும். இவற்றையெல்லாம் விளக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் கொடுப்பதுதான் அவள் வேலை.

உதாரணத்துக்குப் பெயர்கள் வேண்டும். கையேடு எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான், கண்ணில் படுவதை வைத்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் பிரிசில்லா 'வீடு' என்று ஓர் அடைவு, கோப்புகளைப் போட்டு வைக்கும் உறை, உருவாக்கினாள். அதற்குள் 'சமையல்', 'படுக்கை' என்று இரண்டு. சமையலுக்குள் 'பால்', 'குடம்' என்று இரண்டு கோப்புகள். படுக்கைக்குள் 'தலையணை', 'சார்லஸ்' என்று இரண்டு. புருஷனைக் கோப்பாக்கிப் போட்டதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் பெயரைப் போடவில்லை. எழுதுகிறவள் எதற்கு உதாரணத்துக்குள் போவாள்?

லேபிளுக்கும் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. மானிட்டரை உயர்த்தி வைக்க அவள் அடியில் கொடுத்திருந்தது அந்தோணிதாஸின் முத்திரைப் பலகை. அந்தக் காலத்தில் உப்புக் குவியலுக்குக் காவல் இருந்தவர் அவர். சாயங்காலம் குவியலைத் தட்டிச் சமமாக்கி, மூன்று கோடும் ஒரு வட்டமும் செதுக்கிய அந்தப் பலகையை ஈர உப்பின் மேல் சுற்றிலும் அழுத்திவிடுவாராம். யாராவது ஒரு கை அள்ளினாலும் முத்திரை கலைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வாசல் படியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி சார்லஸ்தான் இதைச் சொன்னான். "முத்திரை வெச்சிட்டா அது மேல யாரும் கை வைக்கக் கூடாதுடி. போட்ட எங்கப்பாவே தொட மாட்டாரு. ஆட்டுக்குத்தான் அது தெரியாது. வரப்புல வர்ற ஆடெல்லாம் நக்கிட்டுப் போயிடும்."

சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து வளைவில் இருக்கும் கொளஞ்சியின் ஆடு ஒன்று படியருகே வந்து அவன் உள்ளங்காலை நக்க ஆரம்பித்தது. சார்லஸுக்குக் கூச்சம் அதிகம். "அய்யோ கூசுது... கூசுது பிரிசி, ஓட்டுடி அத," என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சாம்பல் நிற நாக்கையும் அதில் வழிந்த எச்சிலையும் பார்த்துப் பிரிசில்லா முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதைத்தான் கையேட்டில் எழுதினாள். வகையின் பெயர், உப்பு. 'ஆடு' என்ற நிரலுக்கு, உப்பு வகையில் உள்ள எதையும் தொட அனுமதி உண்டு. முத்திரை வைத்துவிட்டால் வேறு யாருக்கும் இல்லை. வேடிக்கையாக இருக்கிறது, படிப்பவர்களுக்கு நினைவில் நிற்கும் என்று நினைத்தாள். பிறகு chcon -R போட்டு, 'வீடு' அடைவு முழுவதையும் உப்பு வகைக்கு மாற்றிக் காட்டினாள். நான்கு கோப்பும் மாறின. திரையில் வந்ததை நகலெடுத்துக் கையேட்டில் ஒட்டினாள். அதோடு மறந்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடிந்தபோது படுக்கை நனைந்திருந்தது.

அவள் பக்கம் இல்லை, அவன் பக்கம். சார்லஸின் தலையணையிலிருந்து ஈரம் பரவி விரிப்பில் ரோஸ் நிறத்தில் திட்டாக நின்றது. உப்பு முற்றிய பாத்தித் தண்ணீரின் நிறம். இரண்டு விரலால் உறையின் முனையைப் பிடித்துத் தூக்கினாள். கனத்தது. பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் நறநறவென்று ஏதோ சரிந்தது. தையல் வழியாகக் கொழகொழவென்று ஒரு துளி இறங்கி அவள் கால் கட்டைவிரலில் விழுந்தது. வாய்க்கால் சேற்றின் வாடை அறைக்குள் எழுந்தது. காலை உதறினாள். தலையணையைக் கொல்லையில் எறிந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் காலை மூன்று முறை கழுவினாள்.

"முதுகு அரிக்குதுடி," என்றான் சார்லஸ், கட்டிலில் குப்புறப் படுத்தபடி. "வேர்க்குருன்னு நெனக்கிறேன். கொஞ்சம் பவுடர் போட்டுவிடேன்."

பனியனைத் தூக்கினாள்.

முதுகு முழுக்க வெள்ளையாகப் பொருக்குப் பூத்திருந்தது. சுவரில் பூப்பது போலவே. தோள்பட்டை நடுவில் பொருக்கு அழுந்திப் பள்ளமாகி, மூன்று கோடும் ஒரு வட்டமும் தெளிவாகத் தெரிந்தன. கோடுகளுக்குள் நீர் கசிந்தது. கசிந்த நீர் அவள் பார்க்கப் பார்க்க உறைந்து சின்னச் சின்ன மணிகளானது.

"என்னாச்சு? ரொம்ப இருக்கா?"

"ஒ... ஒன்னுமில்ல. வேர்க்குருதான்."

"தடவிவிடுடி. கை எட்ட மாட்டேங்குது."

அவளால் முடியவில்லை. ஆறு மாதத்துக்கு முன் அவள் டைஃபாய்டில் படுத்திருந்தபோது அவள் வாந்தியைக் கையில் ஏந்தியவன் அவன். அது அவளுக்கு நினைவு வந்தது. நினைவு வந்தும் கை போகவில்லை. பவுடர் டப்பாவை ஒரு முழம் தூரத்தில் பிடித்து மேலிருந்து கொட்டினாள். பவுடர் விழுந்ததும் ஈரத்தில் ஊறிச் சாந்தாகிக் குழைந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடக்கூட மாட்டியா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. டப்பாவை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அன்றைக்கும் அவன் வேலைக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதாகச் சொல்லிப் படுத்துக்கொண்டான். ஊசி போட்ட நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டாளாம். பிரிசில்லா முன்னறையில் பாயைப் போட்டுப் படுத்தாள். அரிப்பு ஒட்டிக்கொள்ளும் என்று அவனிடம் சாக்குச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சார்லஸ் வேலைக்குப் போகாமல் உள்ளே படுத்திருந்தான். காலை பத்து மணிக்கு அவள் அத்தியாயத்தைக் கடைசி முறையாகச் சரிபார்க்க உட்கார்ந்தாள். உதாரணப் பகுதி வந்தது.

பால். குடம். தலையணை. சார்லஸ்.

இன்னொரு முறை படித்தாள். தயிர் நன்றாக இருந்தது. சர்க்கரை நன்றாக இருந்தது. கேன் தண்ணீர் நன்றாக இருந்தது. அவளுடைய தலையணைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது இந்த நான்குக்கு மட்டும். திரையில் இருந்த வரிசையிலேயே, ஒன்றன்பின் ஒன்றாக. மானிட்டருக்கு அடியிலிருந்த பலகையின் செதுக்கலில் ஈரம் பூத்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

பைத்தியமா பிடித்திருக்கிறது எனக்கு, என்று சொல்லிக்கொண்டாள். மேசை மேல் ஒரு வாழைப்பழம் இருந்தது. 'பழம்' என்று ஒரு கோப்பை உருவாக்கினாள். chcon போட்டு உப்பு வகைக்கு மாற்றினாள். ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுப் பழத்தை எடுத்து உரித்தாள்.

தோல் நன்றாக வந்தது. உள்ளே பழத்தின் வடிவத்தில் ஈர உப்பு. அதன் நடுவில் கறுப்பு விதை வரிசை அப்படியே இருந்தது. வாய்க்கால் சேற்று நாற்றம் குப்பென்று அடித்தது. விரலுக்கிடையில் அது நசுங்கி மணிக்கட்டு வரை ஒழுகியது. பழத்தை உதறிவிட்டுக் கொல்லைக் கதவைத் தள்ளித் திறந்து ஓடி, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் குனிந்து வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தாள்.

நிமிர்ந்தபோது ஆடுகள் நின்றிருந்தன. கொளஞ்சியின் ஐந்து ஆடுகளும். கொல்லையில் எறிந்த தலையணையின் மிச்சம் அவற்றின் காலடியில் கிடந்தது. உறை மட்டும்தான் மிச்சம், அதையும் சுத்தமாக நக்கிவிட்டிருந்தன. இப்போது ஐந்தும் படுக்கையறை ஜன்னலைப் பார்த்தபடி தாடையை அசைத்துக்கொண்டிருந்தன.

"கொளஞ்சிக்கா! ஆட்ட ஓட்டிக்கினு போங்கக்கா!"

தூரத்து வரப்பில் தலையில் துண்டோடு நின்ற கொளஞ்சி கையை ஆட்டினாள். "போவ மாட்டேங்குதும்மா! காலீலருந்து உங்க வூட்டையே சுத்துது. இன்னாத்த வெச்சிருக்க உள்ள?"

"பிரிசி..." ஜன்னலுக்குள்ளிருந்து சார்லஸின் குரல். "தண்ணி குடுடி. நாக்கு ஒட்டுது."

அவள் உள்ளே ஓடினாள். கொல்லைக் கதவைச் சாத்தத் தோன்றவில்லை.

கேன் தண்ணீரை டம்ளரில் எடுத்துப் போனாள். சார்லஸ் மல்லாந்து கிடந்தான். பொருக்கு கழுத்தைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்திருந்தது. இமைமுடிகள் வெள்ளையாக ஒட்டிப் பிரிந்தன. டம்ளரை வாங்க நீட்டிய கையில் தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. சிந்திய இடத்தில் சுண்டுவிரலின் நுனி மழுங்கியது. நகம் இளகி விரிப்பில் வழிந்தது. ரத்தம் வரவில்லை. அவன் அதைப் பார்க்கவில்லை. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான்.

பிரிசில்லா தட்டிவிட்டாள். டம்ளர் உருண்டது.

"ஏன்டி?"

"வேணாங்க. தண்ணி வேணாம். கொஞ்சம் பொறுங்க, நான் சரி பண்றேன். நான்தான் பண்ணேன், நானே சரி பண்றேன்."

"என்னாத்த பண்ண? இங்க வாடி. பக்கத்துல உக்காரு." மழுங்கிய கையை நீட்டினான். "பயமா இருக்குது பிரிசி. ஒருவாட்டி கையப் புடி."

அந்தக் கை. வெள்ளையாக, ஈரமாக, சேற்று வாடையோடு. மாதாவே, அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வந்துடறேன்," என்று சொல்லி முன்னறைக்கு ஓடினாள்.

லேபிள்களைத் திரையில் கொண்டுவந்தாள். ஒவ்வொரு லேபிளிலும் நான்கு பகுதி. யாருடையது, என்ன உறவு, என்ன வகை, தொடலாமா. 'சார்லஸ்' கோப்புக்கு நேரே இருந்தது:

பிரிசில்லா : புருஷன் : உப்பு : திறந்தது

முன்பு மூன்றாவது இடத்தில் 'ஆள்' என்று போட்டிருந்தாள். அந்த ஒன்று மட்டும்தான் மாறியிருந்தது. திரும்ப chcon போட்டு 'ஆள்' என்று மாற்றிவிடலாம். ஒரு வரி வேலை. விரல் கட்டளையின் பாதி வரை போய் நின்றது. அவளே எழுதிய வாக்கியம் முந்தைய பக்கத்தில் இருந்தது: chcon செய்யும் மாற்றம் தற்காலிகமானது. நிரந்தரமாகச் சரிசெய்ய restorecon பயன்படுத்தவும்.

தற்காலிகம் வேண்டாம். நாளைக்கே திரும்பவும் பூத்து வரக் கூடாது. இந்தப் பொருக்கு, இந்த நாற்றம், இந்தக் கொழகொழப்பு, ஓர் உப்பு மணி மிச்சமில்லாமல் ஒரே துடைப்பாகப் போய்விட வேண்டும்.

கரண்ட் போயிற்று. மேலே மின்விசிறி முனகி நின்றது. யூபிஎஸ் பீப், பீப் என்று அடிக்கத் தொடங்கியது. மானிட்டரோடு இணைத்திருந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. யூபிஎஸ் தாங்குவது நான்கு நிமிடம்.

பாதிக் கட்டளையை அழித்தாள். restorecon என்று அடித்தாள். -R போட்டாள். -v போட்டாள். சாதாரணமாகப் போட்டால் வகையை மட்டும்தான் திருப்பும். -F போட்டால் நான்கு பகுதியையும் முழுதாகத் திருப்பும். -F போட்டாள்.

அதற்குக் கீழேயே தடித்த எழுத்தில் அவள் எழுதிய எச்சரிக்கை இருந்தது. முதலில் -n போட்டு ஒத்திகை பார்க்கவும். எதையும் மாற்றாமல், என்ன மாறும் என்பதை மட்டும் காட்டும். இந்த ஐந்து வருட வேலையில் ஒரு முறைகூட அவள் அதைத் தவறவிட்டதில்லை.

பீப். பீப்.

"பிரிசி..."

அவள் என்டரை அழுத்தினாள்.

வரிகள் ஓடின. பால். குடம். தலையணை. படுக்கை. கடைசி வரி:

சார்லஸ். அந்தோணிதாஸ் : குவியல் : உப்பு : முத்திரை

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. restorecon ஒரு பொருள் முன்பு என்னவாக இருந்தது என்று பார்க்காது. அது இருக்கும் இடத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்கும். இட அட்டவணை என்று அதற்கு ஒரு பட்டியல். அதற்கும் செவ்வாய்க்கிழமை அவள் ஓர் உதாரணம் எழுதியிருந்தாள். 'வீடு', அதற்குள் இருக்கும் எல்லாம். பாத்தியை மேடாக்கிக் கட்டிய வீடுதானே, மண்ணெல்லாம் உப்புதானே என்று, அந்தோணிதாஸின் பெயரைப் போட்டு, குவியல் என்று போட்டு, உப்பு என்று போட்டு, முத்திரை என்று போட்டாள். அப்போதும் சிரித்தாள்.

உள்ளேயிருந்து சத்தம் இல்லை.

"என்னங்க?"

இல்லை.

எழுந்தாள். படுக்கையறை வாசலுக்குப் போனாள்.

கட்டிலின் மேல் உப்பு. தலையணை இல்லாத தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, ஓர் ஆள் நீளத்துக்கு, ஓர் ஆள் படுத்திருக்கும் உயரத்துக்கு. யாரோ தட்டிச் சமமாக்கிய குவியல். ஜன்னல் வெயிலில் கண் கூசியது. மேற்புறத்திலும் பக்கவாட்டிலும் வரிசையாக மூன்று கோடு, ஒரு வட்டம், மூன்று கோடு, ஒரு வட்டம். எங்கும் கலையாமல். நடுவில் குவியல் மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

அவளுக்கு இப்போது அருவருப்பு இல்லை. ஒரு துளி இல்லை. தொட வேண்டும். அந்தக் கையைப் பிடிக்க வேண்டும். உள்ளே பாய்ந்தாள்.

கால் போகவில்லை.

வாசல்படியில் ஒன்றும் இல்லை. கதவு திறந்திருக்கிறது. காற்று வருகிறது. கால் மட்டும் எழுந்து, அங்கேயே இறங்குகிறது. கையை நீட்டினாள். நிலைப்படிக்கு நேராக விரல்கள் நின்றன. வலி இல்லை. தடை இல்லை. அனுமதி இல்லை. அவ்வளவுதான். ஓடிய வரிகளில் 'படுக்கை'யும் இருந்ததே.

திரும்பி ஓடினாள். chcon. 'ஆள்' என்று மாற்று. பிழையாக அடித்தாள். பீப் நீண்டது. அழித்து அடித்தாள். என்டர்.

அனுமதி இல்லை.

கோப்பு அவளுடையது இல்லையே. இன்னொரு முறை. அனுமதி இல்லை. இன்னொரு முறை. திரை அணைந்தது. பீப் நின்றது. கறுத்த கண்ணாடியில் அவள் முகம் மட்டும் இருந்தது.

அந்த அமைதியில், அவளுக்குப் பின்னால், சிமென்ட் தரையில் குளம்புச் சத்தம்.

டக். டக். டக்.

கொல்லைக் கதவு.

"ஹேய்! போ! சீ, போ!"

ஓடினாள். நான்கு ஆடுகள் படுக்கையறைக்குள் போய்விட்டன. ஐந்தாவதன் பின்னங்காலைப் பிடித்தாள். அது உதறிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டியது. அவள் கை இந்தப் பக்கமே நின்றது. செருப்பை எடுத்து வீசினாள். நிலைப்படிக்கு நேரே அது பொத்தென்று விழுந்தது. சொம்பை வீசினாள். அதுவும் விழுந்தது.

"கொளஞ்சிக்கா! அக்கா! ஓடியாங்கக்கா!"

வரப்பில் வெயில் மட்டும் இருந்தது.

முதல் ஆடு முன்னங்கால்களைக் கட்டிலில் தூக்கி வைத்தது. கால்மாட்டில் முகர்ந்தது. அந்தச் சாம்பல் நிற நாக்கு நீண்டு ஒரு கோட்டை நக்கியது. வட்டத்தை நக்கியது. எச்சில் வழிந்த இடத்தில் உப்பு இளகிக் குழிந்தது.

குவியல் குலுங்கியது.

உள்ளேயிருந்து, சன்னமாக, வாயில் மண் அடைத்தவன் சிரிப்பது போல ஒரு சிரிப்பு வந்தது.

"கூசுது... கூசுது பிரிசி..."

"என்னங்க!"

"ஓட்டுடி அத... அய்யோ... கூசுதுடி..."

இரண்டாவது ஆடு மறுபக்கம் நின்று நக்கியது. மூன்றாவது இடுப்பருகே. சளப், சளப் என்று நிதானமாக, அவசரமே இல்லாமல். உப்பு நீர் கட்டில் சட்டத்தில் இறங்கித் தரையில் சொட்டியது. சொட்டு ஓடி வந்து நிலைப்படியில் நின்றது. பிரிசில்லா மண்டியிட்டு, பத்து விரலையும் நீட்டி, அந்த ஓரத்திலேயே கிடந்தாள். கால்மாட்டில் குவியல் விரிப்போடு விரிப்பாகிவிட்டது. ஆனாலும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற அதே சிரிப்பு.

நான்காவது ஆடு வாயை நக்கிக்கொண்டு, கட்டிலைச் சுற்றித் தலைமாட்டுப் பக்கமாகப் போனது.